காக்கா கைப்பிடித்துக் கொடுக்காத கலியாணம்

இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு முதலில் தேடுவது மாப்பிள்ளையை அல்ல, வீட்டை. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அதனால் ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் அன்றைக்கே அவளுடைய அண்ணன்மாருக்கு, எங்கள் பேச்சில் காக்காமாருக்கு, வெளிநாட்டு விசா எழுதப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தாரிலும் சவுதியிலும் வெயிலில் கருகுகிற எங்கள் ஊர் அண்ணன்மாரில் பாதிப்பேர் தங்கச்சிக்குக் கல்லும் சீமெந்தும் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள். பெண் பார்க்க வருகிற மாமிமார் முதலில் நுழைவது குசினிக்குள். பிறகு குளியலறைக்குள். பெண்ணைக் கடைசியில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

எனக்கு வீடு கட்டித் தந்தது என் ஒரே காக்கா. வாப்பாவைச் சுனாமி கொண்டுபோனபோது அவருக்கு மீசை ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. முகாமில் சாப்பாட்டு வரிசையில் நின்றது அவர், எனக்குத் தலை வாரிப் பின்னி இரட்டைச் சடை போட்டு விட்டதும் அவர். உம்மா அப்போது சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உயர்தரம் படிக்க வேண்டிய வயதில் காக்கா கல்முனை பசாரில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நின்றார். அங்கிருந்து கத்தார், கத்தாரிலிருந்து எப்படியோ கனடா. நான் பட்டம் முடித்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போன நாளில் அவர் தொலைபேசியில் அழுதார். சிரிக்க வேண்டிய இடத்தில் அழுகிற ஆள் அவர்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இன்னொரு ஆண் துணையும் இருந்தது என்று ஊர் சொல்லும். வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா. இறக்காமத்துப் பக்கம் வாப்பாவுக்கு இருந்த வயலைத் தான் பார்த்துக்கொள்வதாக வாங்கிக்கொண்டார். முதல் போகத்துக்கு நெல் வந்தது. அடுத்த போகத்தில் யானை தின்றுவிட்டது. அதற்கடுத்த போகத்திலும் யானை. பக்கத்திலேயே சாச்சாவின் வயலும் இருந்தது, அதை யானை தொடவில்லை. எங்கள் பங்கைத் தேடிப் பார்த்துத் தின்கிற அந்த யானையைப் பற்றி நானும் காக்காவும் எவ்வளவோ சிரித்திருக்கிறோம். உம்மா மட்டும் சிரிக்கமாட்டார்.

வீடு முடிந்து, யாசீன் ஓதிக் குடிபுகுந்த பிறகு, இனி நீங்கள் கலியாணம் முடியுங்கள் காக்கா என்று நான்தான் சொன்னேன். தங்கச்சிக்கு முகடு போடாமல் காக்கா முடிக்கக்கூடாது என்பது எங்கள் ஊரின் எழுதாத சட்டம். முகடு போட்டாயிற்று, இனி என்ன?

"நான் முடிச்சிட்டன் தங்கச்சி. பொம்புளய இல்ல."

இணைப்பை நான்தான் துண்டித்தேன். பிறகு நெடுநாள் அவருடைய அழைப்பை எடுக்கவில்லை. எடுத்தபோதும் திட்டத்தான் எடுத்தேன். நீங்கள் எப்படி இருந்தாலும் இருந்துவிட்டுப் போங்கள், அதற்குக் கலியாணம் என்று எதற்குப் பேர் வைத்தீர்கள், உம்மா செத்துப்போவார் என்று கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை.

"அங்க இருந்திருந்தா ஊர் எனக்கு ஒரு பொம்புளயக் கட்டி வெச்சிருக்கும். அவட வாழ்க்கயயும் நாசமாக்கிட்டு, களவா இருந்திருப்பன். அத நீங்க ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டிங்க. நான் களவில்லாம இரிக்கப் போய்த்தான் இப்ப பிழ."

அப்படி ஒருவர் எங்கள் ஒழுங்கையிலேயே, நான்கு வீடு தள்ளி இருந்தார். நான்கு பிள்ளைகளின் வாப்பா, ஜும்ஆவில் முன்வரிசை. அவர் ஒரு மாதிரி என்று ஆண்கள் கண்ணைக் காட்டிச் சிரிப்பார்கள், கலியாணத்துக்கு அவருக்கும் சொல்வார்கள். அவருடைய மனைவி மட்டும் எந்தக் கலியாணத்துக்கும் வராமல் வீட்டிலேயே கிடந்தார். அந்தப் பெண்ணுக்காக எந்தப் பள்ளிவாசலிலும் ஒரு பயான் நடந்ததில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தொழுகிறவள். லூத் நபியின் கூட்டத்தார் எதற்காக அழிந்தார்கள் என்ற சரித்திரம் எனக்கும் தெரியும், காக்காவும் நானும் ஒரே ஓதப்பள்ளிப் பாயில் உட்கார்ந்து ஓதியவர்கள். அவர் செய்தது மார்க்கத்தில் ஆகும் என்று நான் யாரிடமும் வாதாடியதில்லை. இன்றைக்கும் அப்படிச் சொல்ல என் நாக்கு வராது. துஆவுக்குக் கையேந்துகிறபோது அவருடைய முறை வந்ததும் என்ன கேட்பதென்று தெரியாமல் முழித்திருக்கிறேன். கடைசியில், நீ படைத்தாய், நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிடுவேன். நான் அல்லாஹ்விடம் விட்ட வழக்கை ஊர் ஏன் தன் கையில் எடுத்தது என்பதுதான் என் கோபம்.

பிறகு அந்தச் சட்டமூலக் கதை வந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கலியாணம் முடிக்கப் பாராளுமன்றத்தில் சட்டம் வரப்போகிறதாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் சொல்லப்பட்டது. ஒலிபெருக்கி எங்கள் குசினி ஜன்னலைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது. அரிசி களைந்துகொண்டே கேட்டேன். ஓதுகிறவரின் தொண்டை அன்றைக்கு அடைத்துப் போயிற்று. அவ்வளவு ஆவேசம். நான் பத்திரிகையை எடுத்துப் படித்துப் பார்த்தேன். கலியாணம் என்ற சொல்லே அதில் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தை மாற்றி, அப்படிப்பட்டவர்களைப் பிடித்து மறியலில் அடைக்காமல் விடுவது பற்றிய பேச்சு அது. இதை ஆசிரியர் அறையில் சொன்னேன். உடனே ஒருவர், அப்ப நீங்கள் அதுக்கு ஆதரவா டீச்சர் என்று கேட்டார். அவருடைய மகன் கனடாவுக்குப் போக விசாவுக்குப் போட்டிருந்தான், அது கிடைக்கவேண்டுமென்று நோன்பு நேர்ந்திருந்தார். போகிற நாட்டில் என்ன சட்டம் இருக்கிறதென்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

அதே மாதத்தில்தான் எனக்குச் சம்பந்தமும் ஒத்துவந்தது. வயது போய்விட்டது, நிறம் மட்டு, படித்தவள் வாய் காட்டுவாள் என்று எத்தனையோ கலியாணம் தட்டிப்போன பிறகு வந்தது. மாப்பிள்ளை சாய்ந்தமருதுக்காரர், அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். என்னோடு தொலைபேசியில் கதைத்தார். மெதுவான குரல், புத்தகம் படிக்கிறவர், நான் வேலைக்குப் போவதில் ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே பிடித்திருந்தது. என்னைக் கைப்பிடித்துக் கொடுக்கக் காக்கா வருவதாக இருந்தது. வாப்பா இல்லாவிட்டால் காக்காதான் வலீ. அவர் தன் வாயால், என் தங்கச்சியை உங்களுக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சொல்லவேண்டும், மாப்பிள்ளை ஏற்றுக்கொள்ளவேண்டும். அவ்வளவுதான் நிக்காஹ். அந்த ஒரு வசனத்தைச் சொல்வதற்காகக் காக்கா இடுப்பில் கட்டப் புதுச் சாரன் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். கனடாவில் சாரன் வாங்குகிற ஆள்.

அதற்குள் காக்காவின் கலியாணப் படம் வந்துவிட்டது. அங்கேயிருக்கிற எங்கள் ஊர்க்காரர் யாரோ அனுப்பியது, ஒரே பின்னேரத்தில் ஊரின் எல்லா வாட்ஸ்அப் குழுக்களையும் சுற்றி முடித்தது. கோட்டுப் போட்ட இரண்டு பேர், கையில் பூ. சாச்சா தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து உம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். உம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"மெலிஞ்சி போயிட்டான்," என்றார்.

பிறகுதான் தலையில் அடித்து அழுதார். அந்த முதல் வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன். அதற்குப் பிறகு உம்மா ஊர் சொன்னதையெல்லாம் சொன்னார், செய்ததையெல்லாம் செய்தார், அந்த முதல் வார்த்தைக்குத் திரும்பவே இல்லை.

ஒரு பின்னேரம் சாச்சாவும் பள்ளி மௌலவியும் வந்து எங்கள் முன் ஹோலில் உட்கார்ந்தார்கள். நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன். மௌலவி இளவயதுக்காரர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன், இதமாகத்தான் கதைத்தார். பகிரங்கமாகப் பெரும்பாவம் செய்கிறவர் ஃபாஸிக், ஃபாஸிக் வலீயாக நிற்க ஏலாது, வக்காலத்துக் கொடுத்து வேறு ஒருவரை நியமிக்கவும் ஏலாது, அடுத்த உரிமை சாச்சாவுக்குத்தான் என்றார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதைச் சொல்லியாயிற்றாம். அவர்கள் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்களாம். ஒரேயொரு நிபந்தனை, காக்கா ஊருக்கு வரக்கூடாது.

நான் சீலையை விலக்கிக்கொண்டு கேட்டேன். வட்டிக்குக் கொடுக்கிறவர் போன மாதம் மகளைக் கைப்பிடித்துக் கொடுத்தாரே, போதைத்தூள் விற்கிறவர் என்று ஊருக்கே தெரிந்தவர் கொடுத்தாரே, பெண்சாதியின் பல்லை உடைத்தவர் கொடுத்தாரே, அப்போதெல்லாம் இந்தச் சட்டம் எங்கே போயிருந்தது என்றேன். பாவம் செய்யாதவன்தான் வலீயென்றால் மருதமுனையிலிருந்து இந்தப் பக்கம் ஒரு பெண்ணுக்கும் கலியாணம் நடக்காது. அனாதைகளின் வயலைத் தின்றவர் பற்றியும் மார்க்கக் கிதாபில் இருக்கிறதே என்று சொல்லிச் சாச்சாவைப் பார்த்தேன். சாச்சா தேத்தண்ணீரைப் பார்த்தார்.

"அது வேற விசயம் தங்கச்சி," என்றார் மௌலவி.

சரி, அப்போது இந்த வீடு? இந்தப் பளிங்குத் தரை, நீங்கள் உட்கார்ந்திருக்கிற செற்றி, மாப்பிள்ளை படுக்கப்போகிற கட்டில் எல்லாம் அந்த ஃபாஸிக் அனுப்பியது, இது ஆகுமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார். உழைத்த காசு, அது ஆகும் என்றார். காசு ஆகும், கை ஆகாது. இதைவிடச் சுருக்கமாக எங்கள் ஊரை யாரும் எனக்கு விளங்கப்படுத்தியதில்லை.

மாப்பிள்ளையிடம் தொலைபேசியில் சொன்னேன். காக்கா இல்லாமல் எனக்கு விருப்பமில்லை, உங்கள் வீட்டாரிடம் கதையுங்கள் என்றேன். உங்கள் காக்கா பற்றி எனக்குத் தனிப்பட ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். ஆனால் வீட்டாரிடம் கதைக்கவில்லை. காக்காவிடம் சொன்னேன். விட்டுவிடு தங்கச்சி, யார் கையால் நடந்தாலும் உன் கலியாணம்தானே, நீ அந்தாளை விரும்புகிறாய்தானே என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். வாங்கிய சாரனை வீட்டில் கட்டுகிறேன் என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை.

அன்றைக்கே உம்மாவிடமும் சாச்சாவிடமும் முகத்துக்கு நேரே சொன்னேன். சம்மதம் கேட்க வருவீர்கள்தானே, அப்போது நான் ஓம் என்று சொல்லமாட்டேன். சாச்சா சிரித்துவிட்டுப் போனார். அவருடைய சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. காவின் என்கிற எங்கள் கலியாணப் பதிவில் பெண் கையெழுத்துப் போடுவதில்லை. வலீயும் மாப்பிள்ளையும் சாட்சிகளும் போடுவார்கள். பெண்ணுக்கு உள்ள ஒரேயொரு இடம், நிக்காஹ்வுக்குக் கொஞ்சம் முன்னால் வலீ இரண்டு சாட்சிகளோடு அவளிடம் வந்து சம்மதம் கேட்பது. கன்னிப் பெண் வாயைத் திறக்கத் தேவையில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம். சிரித்தால் சம்மதம். கண்ணீர் விட்டால் அதுவும் சம்மதம்தான் என்று விடுவார்கள். எத்தனையோ மணப்பெண்களுக்குப் பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன், ஒருத்தியாவது வாய் திறந்து கேட்டதில்லை. கேட்கிறவரும் பதிலுக்காக நிற்பதில்லை, கேட்டுக்கொண்டே திரும்பிவிடுவார்.

கலியாண நாளன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பந்தல் நிறைந்தது. நிக்காஹ் பள்ளியிலல்ல, எங்கள் பக்க வழக்கப்படி பெண் வீட்டு வாசலில். என் அறை ஜன்னல் பந்தலுக்குள்தான் திறக்கும். மாப்பிள்ளைக்குப் போட்ட கதிரை அந்தச் சுவரோடு இருந்தது, வெள்ளைத் தொப்பியின் விளிம்பு எனக்குத் தெரிந்தது. வளவின் பின்பக்கம் மாட்டிறைச்சி வெந்து வாசம் வந்தது. எல்லாம் அந்த ஆகாத கை அனுப்பிய காசு.

சாச்சா வந்தார். பின்னால் இரண்டு சாட்சிகள், ஒருவர் பள்ளி நிர்வாகத்திலிருக்கிற மரைக்கார், மற்றவர் மாப்பிள்ளையின் மாமா. இன்னாருக்கு, இன்ன மஹர்த் தொகைக்கு உன்னை மணமுடித்துத் தர எனக்கு அனுமதி தருகிறாயா என்று சாச்சா கேட்டார். கேட்டுக்கொண்டே திரும்பினார்.

"வேணாம்," என்றேன்.

திரும்பினவர் நின்றார். அறையிலிருந்த பெண்கள் கைவிசிறியை நிறுத்தினார்கள். புள்ள வெக்கப்படுது என்றார் மரைக்கார்.

"வெக்கமில்ல. எனக்கு மாப்பிளய வேணாமெண்டு சொல்லல்ல, ஒங்களத்தான் வேணாமெண்டு சொல்றன். என்ட வலீ உசிரோட இரிக்காரு. ஒங்களுக்கு நான் அனுமதி தரல்ல."

மெதுவாகச் சொல்லவில்லை. வகுப்பறையில் கடைசி வாங்குப் பிள்ளைக்குக் கேட்கிற குரல் என்னுடையது. மாப்பிள்ளையின் மாமா தரையைப் பார்த்தார். மரைக்கார் சாச்சாவைப் பார்த்தார். சாச்சா ஒருவரையும் பார்க்காமல் வெளியே போனார், சாட்சிகளும் பின்னால் போனார்கள். நான் நினைத்தேன், மடைச்சி, நிக்காஹ் நின்றுபோயிற்று என்று நினைத்தேன். ஒலிபெருக்கியில் நிக்காஹ் தொடங்குகிற ஸலவாத்துச் சத்தம் வந்தபோதுதான் எழும்பினேன். பெண்கள் கதவைச் சாத்தினார்கள். உம்மா என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நான் செத்தா என்ட மையித்தத் தாண்டிப் போ என்றார். உம்மாவைத் தாண்ட என்னால் முடியவில்லை. என் தோளை யார் யாரோ பிடித்திருந்தார்கள், நான் கத்தினதை யாரோ ஒருத்தியின் உள்ளங்கை வாங்கிக்கொண்டது.

"என் தமையனின் மகளை அவளுடைய சம்மதத்துடன் உங்களுக்கு மணமுடித்துத் தந்தேன்," என்று சாச்சாவின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

"ஏற்றுக்கொண்டேன்," என்று அந்த மெதுவான குரல் கேட்டது.

பெண்கள் குரவை போட்டார்கள். என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவளும் கையை எடுத்துவிட்டுக் குரவை போட்டாள். வெளியே சகன் வைத்தார்கள், ஒரு தட்டுக்கு ஆறு பேராக உட்கார்ந்து, கறி நல்லம் என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். ஒரு சோறு மிஞ்சவில்லை.

அன்றிரவு முதல், தொழுகை இல்லாத மாதவிலக்கு நாள் என்று சொல்லி நான் உம்மாவின் அறையில் படுத்தேன். ஒரு பிரச்சினையும் இல்லை என்றார் மாப்பிள்ளை. மறுநாள் காக்கா அழைப்பு எடுத்தார். யாரோ முகநூலில் நேரடியாகப் போட்ட வீடியோவில் எல்லாவற்றையும் பார்த்தாராம். ஏற்றுக்கொண்டேன் என்ற சத்தம் கேட்டதும் அழுதுவிட்டாராம், அவருடைய ஆளும் பக்கத்தில் நின்று அழுதாராம். என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தோசமாவது அவருக்கு மிஞ்சட்டும் என்று விட்டேன். அவருடைய கலியாணத்தைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை, அன்றைக்கு முதன்முதலாகக் கேட்டேன். உங்கள் இரண்டு பேரிடமும் சம்மதம் கேட்டார்களா? காக்காவுக்குக் கேள்வி விளங்கவில்லை. ஓம், கேட்டார்கள், எங்கள் வாயால் நாங்களே சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் நடத்தமாட்டார்கள், பிறகு நாங்கள்தான் கையெழுத்துப் போட்டோம் என்றார். ஏன் கேட்கிறாய் என்றார். சும்மா என்றேன்.

எங்கள் பள்ளியில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பெண்கள் மார்க்கச் சந்தேகங்களைத் தொலைபேசியில் கேட்கலாம். நான் யாரென்று தெரியாதிருக்க அயல்வீட்டுத் தொலைபேசியை வாங்கி அழைத்தேன். ஒரு பெண்ணை அவளுடைய சாச்சா வலீயாக நின்று முடித்துக் கொடுக்கிறார், கேட்ட நேரம் அவள் சாட்சிகளுக்கு முன்னால் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், ஆனாலும் முடித்துவிட்டார்கள், அந்த நிக்காஹ் செல்லுமா என்று கேட்டேன். மௌலவிக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. செல்லாது, சகோதரி. கன்னியை வற்புறுத்துகிற அதிகாரம் வாப்பாவுக்கும் வாப்பாவின் வாப்பாவுக்கும் தவிர எந்த வலீக்கும் இல்லை. அந்த நிக்காஹ் பாத்தில், அடிப்படையே இல்லாதது, அவர்கள் சேர்ந்து வாழ்வது ஹராம், உடனே பிரிக்கவேண்டும். ஆதாரங்களையும் வரிசையாகச் சொன்னார். மார்க்கம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று எனக்கு அழுகை வந்தது. பிறகு நான் யாருடைய மகள் என்று சொன்னேன்.

அவர் இருமினார். தண்ணீர் குடித்திருப்பார் போல.

"அது வேற விசயம் தங்கச்சி. ஊர்ர ஒற்றும எண்டு ஒண்டு இரிக்கி. ஒங்கட காக்காட பிரச்சினையோட இதையும் சேத்தா என்ன நடக்கும் எண்டு யோசிங்க. பொறுமையா இரிங்க."

கடல் தாண்டி எங்கேயோ இரண்டு பேர் செய்ததைக் கலியாணமே இல்லை என்று தொண்டை அடைக்கக் கத்திய ஊர். தன் கிதாபின்படியே கலியாணம் இல்லாத ஒன்றை என் வாசலில் நடத்தி, சகன் தின்று, கை கழுவிவிட்டுப் போயிருக்கிறது. காக்காவின் கலியாணத்தில் பாவம் இருக்கலாம். அதில் பொய் இல்லை. என்னுடையதில் அல்லாஹ்வின் பேரால் சொன்ன பொய் இருக்கிறது, அதற்கு மரைக்கார் சாட்சி.

ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. அவர். மாப்பிள்ளைக்கு நடந்தது தெரியாது, தெரிந்தால் துடித்துப்போவார், எழும்பிப் போய்ச் சாச்சாவைக் கேட்பார், காஸி நீதிபதியிடம் போவார், காக்காவின் வாயால் ஒழுங்காகத் திரும்ப நடத்துவார் என்று நினைத்தேன். மெதுவான குரல் உள்ளவர்கள் நல்லவர்கள் என்று யார் எனக்குச் சொல்லித் தந்தார்களோ தெரியவில்லை. ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் உம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தபோது, அவருக்குத் தேத்தண்ணீரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். உங்களோடு கதைக்கவேண்டும், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்றேன். சாச்சா கேட்டபோது நான் சம்மதிக்கவில்லை, வேண்டாம் என்று சொன்னேன், உங்களுக்குப் பொய் சொல்லி முடித்துவிட்டார்கள், மார்க்கத்தின்படி நான் உங்களுக்குப் பெண்சாதி இல்லை என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் எந்த அதிர்ச்சியும் வரவில்லை. கையை நீட்டி என் கையைத் தொட்டார்.

"எனக்குத் தெரியும். நான் ஜன்னலடியிலதானே இருந்தன், நீங்க சொன்னது கேட்டது. நான் அத மனசில வெச்சிக்கல்ல."

எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் கேட்டிருக்கிறார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்கிறார், கேட்டபிறகுதான் ஏற்றுக்கொண்டேன் என்றிருக்கிறார். இப்போது என்னை மன்னிக்கவும் செய்கிறார். ஊரில் எல்லோருக்கும் ஒவ்வொரு பொய் தேவைப்பட்டது. இவருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

நான் கையை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர் வழக்கத்தில் எனக்கு மிஞ்சியது ஒன்றுதான், வீட்டு உறுதிப் பத்திரம் என் பேரில் இருந்தது. அறைக்குள் போய் அவருடைய உடுப்பையெல்லாம் அவர் கொண்டுவந்த பையிலேயே மடித்து வைத்தேன், சேர்ட்டின் பொத்தான்களைக்கூடப் பூட்டினேன். பையை முன்கதவடியில் கொண்டுவந்து வைத்தேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார், உம்மா வரட்டும் என்றார், ஆட்கள் உங்களையும் காக்காவைப் போல என்று கதைப்பார்கள் என்றார். அது உண்மைதான், பிறகு அப்படித்தான் கதைத்தார்கள். நான் கதவைத் திறந்துவிட்டு நின்றேன். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே, பள்ளியில் கேட்டால் நான் என்ன சொல்வது என்று கேட்டார்.

"நான் வேணாமெண்டு சொன்னேண்டு சொல்லுங்க," என்றேன். "இந்தத் தரமாவது கேட்டத அப்படியே சொல்லுங்க."